ஈரப்பதம் பத்தொன்பது

பொத்தானை அழுத்திவிட்டு
அரிசி களைந்து உலையில் போடுவேன்.
மோட்டார் கொட்டகை வரை போய்
மும்முனை வந்துவிட்டதா என்று பார்த்து வருவேன்.
வெள்ளை வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.
செக்குமாடு சுற்றினால் எண்ணெயாவது வரும்.

பிளஸ் டூ முடித்த வருஷம்
பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று வாங்கியது.
மூடியில் அரசு முத்திரை தேய்ந்து
கோபுரத்தின் உச்சி மட்டும் மிச்சம்.
கீல் விட்டுப்போனதால்
பின்னால் அரைப்படியை முட்டுக் கொடுத்தால்தான்
திரை நிமிர்ந்து நிற்கும்.
ழ வரும் விசை கழன்று எங்கோ போயிற்று.
அடியில் இருக்கும் ரப்பர் மொட்டை
நகத்தால் அழுத்துகிறேன்.
பாடத்திட்டத்தில் மழை என்று அடிக்க
நான் படும் பாடு.

இப்போது அதற்கு இரண்டு பங்காளிகள்.
நான் பி.எட். இரண்டாம் வருஷம்.
நாத்தனார் யுவஸ்ரீ பதினொன்றாவது, கம்ப்யூட்டர் குரூப்.
முறை வைத்துத்தான் பாய்ச்சல்:
ஆறிலிருந்து ஒன்பது வரை அவளுக்கு.
நான் கடைமடை.
பாத்திரம் கழுவிக் கவிழ்த்து
பத்துக்கு மேல் என் பக்கம் வரும்போது
தோசைக்கல்லாகச் சுடும்.

"புதுசு வாங்கிடலாம் அண்ணி,
முப்பத்தெட்டாயிரம்தான்."
அந்தத் 'தான்' என் காதிலேயே நிற்கிறது.

குறுவை அறுத்தாயிற்று.
கொள்முதல் நிலைய வாசலில்
எண்பது மூட்டை நெல் குவியலாகக் கிடக்கிறது.
பதினேழுக்கு மேல் ஈரமென்றால் எடுக்க மாட்டார்கள்.
ஒரு நாள் வெயில், இரண்டு நாள் தூறல்.
அவர் தார்ப்பாயோடு அங்கேயே படுத்திருக்கிறார்.
ராத்திரி போனில்
சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை,
"பத்தொன்பது" என்கிறார்.
வைத்துவிடுகிறார்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து மன்னார்குடி போனேன்.
பந்தலடிப் பக்கம், மாடியில் தாஜுதீன் கடை.
பத்துத் திருகாணி.
அடிமூடியைக் கழற்றிக் காட்டினார்.
காற்றாடியை அடைத்துக்கொண்டு
நெல் சுணை.
பஞ்சுபோல, வெளிர் மஞ்சளில், அடுக்கடுக்காக,
எத்தனை போகத்துடையதோ.
நடுவில் ஒரு கருக்காய், முழுசாக.
"இதை வச்சுக்கிட்டா படிச்சீங்க?"
பிரஷ்ஷால் தட்டினார்.
கடை முழுக்கக் களத்து வாசம்.
எனக்கு முழங்கை வரை அரித்தது.

அட்டைக் கிழிசலில் கணக்கு எழுதினார்.
எஸ்எஸ்டி ஆயிரத்து எழுநூறு.
ராம் தொள்ளாயிரம், பழசு, கேரண்டி கிடையாது.
பேட்டரி வீண், செருகியே ஓட்டுங்கள்.
புது விண்டோஸ் இதில் ஏறாது,
பென்குவின் படம் போட்டது ஒன்று இருக்கிறது,
அதற்குக் காசில்லை.
"ரெண்டு வருஷம் ஓடும்" என்றவர்
மதர்போர்டை இன்னொரு தரம் வெளிச்சத்தில் பிடித்து
"ஒன்றரை" என்றார்.
அந்த அரையைக் குறைத்ததில்தான்
எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

எனக்கு மே மாதத்தோடு பரீட்சை முடிகிறது.
யுவஸ்ரீக்கு பிளஸ் டூ முடிய
சரியாகப் பதினெட்டு மாதம்.
விரலால் எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறை.
கையில் குழுக் கடன் போக
இரண்டாயிரத்துச் சொச்சம்.
பஸ்ஸுக்கு இருபத்தைந்து வேண்டும்.
"எஸ்எஸ்டி மட்டும் போடுங்க."

வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டு
அரிசிப் பானைப் பக்கம் திரும்பினேன்.
படியில் கை வைக்குமுன்
திறந்துவிட்டது.
யுவஸ்ரீ ஒன்றும் சொல்லவில்லை.
மூடி, மறுபடி திறந்தாள்.
மறுபடியும் மூடித் திறந்தாள்.
பிறகு, "பென்குவின் அசிங்கமா இருக்கு" என்று
படத்தை மாற்றினாள்.
அதற்குள் மணி ஆறு ஆகியிருந்தது,
அவள் முறை.

பத்தரைக்கு அவர் கூப்பிட்டார்.
"பதினேழரை. நாளைக்குப் பார்க்கலாம்."
புதுசு பற்றி நான் பேசவில்லை,
பேசினால் அந்த அரை கூடிவிடும்போல் இருந்தது.
வைத்த சற்று நேரத்தில்
தகரத்தின்மேல் முதல் சொட்டுகள்.
எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தைத் திறந்தேன்.
நீர்ச் சுழற்சி, இரண்டாம் பிரிவேளை.
ம அடித்தேன்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
அவரிடம் அந்த விசையைக் கேட்கவே இல்லை.